சுத்தமான கூண்டில் வயதாகும் ரத்தம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆய்வக எலிகளின் ரத்தத்தில் நோயெதிர்ப்புச் செல்கள் வயதோடு மாறுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். என் அப்பாவுக்கு 74 வயது. ரத்தப் பரிசோதனையில் லிம்போசைட் என்ற வெள்ளையணுக்களின் அளவு நார்மல் என்றே வருகிறது. அப்படியென்றால் அவருடைய எதிர்ப்புச் சக்தி குறையவில்லை என்றுதானே அர்த்தம்? இன்னொன்று, நோய்க்கிருமியே அண்டாத கூண்டில் வளரும் எலிக்கு எதிர்ப்புச் சக்தி ஏன் தேய வேண்டும்?

ஒரு வாசகர், நாமக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

அப்படி அர்த்தமில்லை. அந்த ரிப்போர்ட் தலைகளை எண்ணுகிறது, யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்வதில்லை.

ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் ‘பிளாக் சிக்ஸ்’ கறுப்புச் சுண்டெலியையே எடுத்துக்கொள்ளுங்கள். கன்னத்து ரத்தக்குழாயில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தம் போதும். சிவப்பணுக்களை உடைத்து நீக்கிவிட்டு, மிச்சமுள்ள செல்களில், குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஒளிரும் ஆன்டிபாடிகளை ஒட்டவைத்து, லேசருக்கு முன்னால் ஒவ்வொன்றாக ஓடவிடுவார்கள். ஒரு செல்லுக்குத் திரையில் ஒரு புள்ளி. டி செல்கள் என்பவை லிம்போசைட்டுகளில் ஒரு வகை. 3 மாத எலியின் டி செல்களில் பெரும்பாலானவை, செல்லின் மேற்பரப்பில் இருக்கும் இரண்டு புரதங்களில் சிடி62எல் அதிகமாகவும் சிடி44 குறைவாகவும் உள்ள மூலையில் குவிந்து கிடக்கும். இவை இன்னும் எந்தக் கிருமியையும் பார்க்காத புதுச் செல்கள், முன்பின் தெரியாத வைரஸ் வந்தால் இவற்றிலிருந்துதான் ஆள் எடுத்தாக வேண்டும். 24 மாத எலியில், நம் கணக்கில் கிட்டத்தட்ட எழுபது வயது, அந்த மூலை மெலிந்து புள்ளிகள் சிடி44 அதிகமுள்ள பக்கம் நகர்ந்திருக்கும்.

சரி, சுத்தமான கூண்டில் இது எப்படி நடக்கிறது? டி செல்களை உருவாக்கி அனுப்பும் தைமஸ் சுரப்பி கிருமிக்காகக் காத்திருப்பதில்லை, அது வயதோடு தானாகவே சுருங்குகிறது. புது வரவு குறையக் குறைய, இருக்கும் செல்களே பெருகி இடத்தை நிரப்புகின்றன, அப்படிப் பெருகும்போதே நினைவுச் செல்லின், அதாவது ஏற்கனவே ஒரு கிருமியைச் சந்தித்த செல்லின், அடையாளங்களையும் ஏற்றிக்கொள்கின்றன. கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளில்கூட இந்தப் போலி நினைவுச் செல்களைப் பார்த்திருக்கிறார்கள்.

இது ரத்தத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. 2021இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வில், டிஎன்ஏ பழுதைச் சரிசெய்யும் இஆர்சிசி1 மரபணுவை எலியின் ரத்தச் செல் வரிசையில் மட்டும் நீக்கினார்கள். நோயெதிர்ப்புச் செல்கள் சீக்கிரமே கிழடு தட்டின, அப்புறம் யாரும் கைவைக்காத மற்ற உறுப்புகளிலும் முதுமையின் தடயங்கள் தெரிந்தன. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த ஆய்வு இதுதான்.

ஆனால் எலியை அப்பாவுக்கு அப்படியே பொருத்திவிடாதீர்கள். எலியில் புது டி செல்கள் ஆயுள் முழுக்கப் பெரும்பாலும் தைமஸிலிருந்தே வருகின்றன. வளர்ந்த மனிதரிலோ வெளியே இருக்கும் செல்கள் பிரிந்து பிரிந்தே அந்தக் கையிருப்பு காப்பாற்றப்படுகிறது என்று 2012இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் ஆய்வாளர்கள் காட்டினார்கள். போதாததற்கு, ஆய்வக எலியின் நோயெதிர்ப்பு மண்டலம் பிறந்த குழந்தையுடையதைப் போன்றது என்று 2016இல் மினசோட்டா குழு ஒன்று சொன்னது. கடையில் விற்கும் செல்ல எலிகளோடு சேர்த்து வளர்த்த பிறகுதான் அது வளர்ந்த மனிதருடையதை நெருங்கியது.

அப்பா ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகள் போட்டிருக்கிறாரா? இல்லையென்றால், அடுத்த முறை ரிப்போர்ட்டைக் காட்டப் போகும்போது டாக்டரிடம் அதைக் கேளுங்கள்.