முன்னாள் ராணுவத்தினரைக் கௌரவிக்கும் அணிவகுப்புக்குக் குடும்பத்தோடு போயிருக்கிறீர்களா? பட்டாளத்தில் இருந்த வயதான அப்பாவையும் குழந்தைகளையும் கூட்டிப் போகலாமா?

ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். 2024 ஜனவரி 26, மெரினா. அப்பா, அம்மா, நான், அப்போது இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் பெண் என்று நாலு பேர். வீட்டுக்காரர் லீவு நாளில் நாலு மணிக்கெல்லாம் எழுந்திருக்க முடியாது என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டார், அவரை விடுங்கள். உங்கள் அப்பாவும் பட்டாளத்தில் இருந்தவர் என்று கேள்வியில் எழுதியிருப்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில், முன்னாள் வீரர்கள் தெருவில் நடந்து வர, ஊர் இரண்டு பக்கமும் நின்று கைதட்டுகிற மாதிரி ஒரு அணிவகுப்பை நான் சென்னையில் பார்த்ததில்லை. அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார் நவம்பர் 11 அன்று அங்கே நடப்பதை வீடியோ எடுத்து அனுப்புவாள், தாத்தாக்கள் எல்லாம் தொப்பி போட்டுக்கொண்டு திறந்த காரில் கையாட்டியபடி போவார்கள். இங்கே அதற்கு ஒரு நாள் இல்லாமல் இல்லை. ஜனவரி 14. நம் ராணுவத்துக்குத் தலைமைத் தளபதியான முதல் இந்தியர் கரியப்பா 1953-இல் ஓய்வு பெற்ற நாள் அது. ஆனால் தமிழ்நாட்டில் அந்தத் தேதி ஒன்று போகியாக இருக்கும், இல்லையென்றால் பொங்கலாக இருக்கும். 2024-இல் போகி. அப்பாவின் பழைய யூனிட்காரர் ஒருவர் ஏதோ கூட்டம் இருக்கிறது, வா என்று போன் செய்தார். "பழசையெல்லாம் தூக்கிப் போட்டுக் கொளுத்துற நாளாப் பாத்து பழைய ஆளுங்களைக் கூப்புடுறாங்க பாரு, நான் வரலப்பா" என்று சொல்லிவிட்டு இவர் பரணில் ஏறிப் பாய்களை இறக்கிக்கொண்டிருந்தார்.

அதனால் எங்களுக்குக் கிடைத்தது குடியரசு தின அணிவகுப்புதான். அதற்கும் அவராக வரவில்லை. பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லி என் பெண் "தாத்தா, குதிரை வருமாம்" என்று ஆரம்பித்தாள், குதிரைக்காக வந்தார்.

நாங்கள் இருப்பது வேளச்சேரி. பறக்கும் ரயிலில் ஏறினால் சேப்பாக்கத்தில் இறங்கி நடந்துவிடலாம். அப்போது அந்த ரயில் சிந்தாதிரிப்பேட்டை வரைதான் ஓடியது, ஆனாலும் சேப்பாக்கம் அதற்கு முன்னாலேயே வந்துவிடுவதால் பிரச்சினை இல்லை. காரில் மட்டும் போகாதீர்கள், காமராஜர் சாலையை விடியற்காலையிலேயே அடைத்துவிடுவார்கள். முன்பெல்லாம் காந்தி சிலைக்குப் பக்கத்தில் நடக்கும், மெட்ரோ வேலைக்காக அங்கே தோண்டிப் போட்டதிலிருந்து, அதாவது 2023-இல் இருந்து, உழைப்பாளர் சிலை பக்கம் மாற்றிவிட்டார்கள்.

பாஸ் எதுவும் இல்லை. பையைச் சோதித்துவிட்டுப் பொதுமக்கள் நிற்கிற பக்கம் விட்டார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் நான் அங்கே நின்ற ஒரு பெண் காவலரிடம் "அப்பா எக்ஸ் சர்வீஸ்மேன், உட்கார ஏதாவது கிடைக்குமா" என்று கேட்டேன். அம்மாவின் வலிக்கு அப்பாவின் சர்வீஸை அடகு வைத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்தப் பெண் எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டு, அப்பாவைப் பார்த்து ஒரு சல்யூட் அடித்தார். சாதாரணமாக, கையைத் தூக்கி இறக்கிவிட்டு உடனே திரும்பிப் போய்விட்டார், கூட்டம் அதிகம். அப்பாவுக்கு என் மேல் கோபம். "எதுக்கு இதையெல்லாம் சொல்ற?" என்று பல்லைக் கடித்தார். நாற்காலியில் அம்மா உட்கார்ந்தார். அப்பா அணிவகுப்பு முடியும் வரை அதன் பின்னால் நின்றுகொண்டே இருந்தார், முதுகை வளைக்காமல்.

எட்டு மணிக்கு ஆளுநர் வந்து கொடியேற்றினார், ஹெலிகாப்டர் பூத்தூவிக்கொண்டு போனது, அதில் பாதியைக் கடல் காற்று வேறெங்கோ கொண்டு போய்விட்டது. பிறகு ராணுவம், கடற்படை, விமானப்படை, கடலோரக் காவல்படை, போலீஸ், என்.சி.சி. என்று வரிசையாக வந்தார்கள். என் பெண் குதிரைப்படை வந்ததும் கத்திய கத்தலில் பக்கத்தில் நின்றவர் காதைப் பொத்திக்கொண்டார். விருது கொடுத்தபோது அம்மா எழுந்து நின்று கைதட்டியது ஒருவருக்குத்தான், மதுரை கொடிக்குளத்தில் பள்ளிக்கூடத்துக்காக ஒரு ஏக்கர் ஐம்பத்திரண்டு சென்ட் நிலத்தை எழுதிக் கொடுத்த ஆயி பூரணம் அம்மாளுக்கு. "ராணுவ அணிவகுப்புக்கு வந்துட்டு நிலம் குடுத்தவங்களுக்குக் கைதட்டுற" என்று அப்பா கிண்டல் செய்ய, "அந்தம்மா செஞ்சதை நீ செய்வியா?" என்று அம்மா திருப்பிக் கேட்க, எங்களுக்கு ஊரில் இருக்கும் முப்பது சென்ட்டைப் பற்றி ஒரு சின்னச் சண்டை நடந்து முடிந்தது.

நான் அணிவகுப்பைப் பார்த்த நேரத்தைவிட அப்பாவைப் பார்த்த நேரம்தான் அதிகம். அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அணியும் மேடையை நெருங்கும்போது, ஆணை வருவதற்கு ஒரு நொடி முன்னாலேயே அவர் வாய் "தாஹினே தேக்" என்று முணுமுணுத்தது. வலது பக்கம் பார் என்று இந்தியில் சொல்வது. வீட்டில் டிவி ரிமோட்டைத் தேடிக் கண்டுபிடிக்கவே பத்து நிமிடம் எடுத்துக்கொள்கிற மனுஷன். ஒரு அணியில் மூன்றாவது வரிசையில் ஒரு பையனுக்குக் கால் தப்பியது, எனக்குத் தெரியவே இல்லை, அப்பா "ச்ச்" என்றார். அப்புறம் "ராத்திரி தூங்கியிருக்க மாட்டான், பாவம்" என்றார். பல நாள் ஒத்திகை, அன்றைக்கு விடிவதற்கு முன்பே வந்து நிற்பது, பூட்ஸ் பாலிஷ், வயிற்றில் ஒரு டீ, அவ்வளவுதான் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பது வருடக் கல்யாணத்தில் அவர் இவ்வளவு பட்டாளக் கதை சொல்லிக் கேட்டதில்லை என்று அம்மா பிறகு என்னிடம் சொன்னார்.

இதற்குக் கொஞ்சம் முன்கதை வேண்டும். அப்பாவுக்கு வேலூர் பக்கம் ஒரு கிராமம். அங்கே கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார். சுற்றி இருக்கும் ஊர்களிலும் அந்தப் பழக்கம் உண்டு. 1977-இல் பத்தொன்பது வயதில் ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் சேர்ந்து 1996-இல் ஹவில்தாராக வெளியே வந்தார். அதன் பிறகு இருபது வருடம் ஒரு வங்கி வாசலில் செக்யூரிட்டி. எனக்கு நினைவு தெரிந்து அவரை ராணுவ உடுப்பில் பார்த்ததைவிட அந்த நீலச் சட்டையில் பார்த்ததுதான் அதிகம். மெடல்கள் பீரோவில் அம்மாவின் கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கின்றன. அதில் ஒன்று இலங்கைக்குப் போனதற்கானது.

ஆமாம், அவர் அமைதிப்படையில் இருந்தார். 1987 ஜூலையில் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கே அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். ரேடியோ ஆப்பரேட்டராகப் போனவரைத் தமிழ் தெரியும் என்பதற்காகச் சோதனைச் சாவடிகளிலும் ஊர்களுக்குள்ளும் பேச்சுக்கு நிறுத்தினார்கள். அதிகாரி இந்தியில் கேட்பதை இவர் தமிழில் கேட்க வேண்டும், அவர்கள் தமிழில் சொல்வதை இந்தியில் திருப்பிச் சொல்ல வேண்டும். என்ன கேட்டீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்டதற்கு இதுவரை பதில் வந்ததில்லை. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்ஸ்களும் கொல்லப்பட்டதை நான் கல்லூரியில் படித்தபோது ஒரு கட்டுரையில் பார்த்துவிட்டு வந்து நேராக அவரிடம் கேட்டேன். "நான் அன்னைக்கு அங்க இல்ல" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இந்தப் பக்கம் பார்த்தால் ஆயிரத்துக்கும் அதிகமான இந்திய வீரர்கள் அங்கே செத்திருக்கிறார்கள். அவர்களில் மேஜர் பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்ரா கொடுத்தார்கள், பரங்கிமலை ராணுவப் பயிற்சி மையத்தின் அணிவகுப்பு மைதானத்துக்கு அவர் பெயர். இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்து என்ன நினைப்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

1990 மார்ச்சில் கடைசிப் படைகள் கப்பலில் மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்தபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படை என்று தமிழ்நாட்டில் பலர் நினைத்த காலம், அவரும் அதைத்தான் சொன்னார். அப்பா அந்தச் சமயத்தில்தான் திரும்பினார். சொந்த மாநிலத்தில் இறங்கிய உங்களுக்குக் கோபம் வரவில்லையா என்று ஒரு தடவை கேட்டேன். "எறங்குனதும் டீ குடுத்தாங்க. நல்லா இருந்துச்சு" என்றார்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். 2009-இல் நான் தரமணியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபீஸ் முழுக்க ஈழத்தைப் பற்றித்தான் பேச்சு. நானும் கூட்டத்துக்குப் போனேன், கறுப்புத் துணி குத்திக்கொண்டேன், அழுதேன், அதெல்லாம் நிஜம்தான். உங்கப்பா மிலிட்டரியாமே, எங்கே இருந்தார் என்று ஒரு தோழி கேட்டபோது "காஷ்மீர்" என்று சொன்னேன். அவர் காஷ்மீரிலும் இரண்டு வருடம் இருந்தார், அதனால் அது முழுப்பொய் இல்லை. அதற்குப் பிறகும் யார் கேட்டாலும் காஷ்மீர்தான். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் காஷ்மீர். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார், மறுக்கவில்லை.

சரி, அன்றைக்கு வருகிறேன். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபோது வெயில் ஏறிவிட்டது. மணலில் கொஞ்ச தூரம் நடந்து, ஒரு மூடிய கடையின் நிழலில் உட்கார்ந்தோம். அம்மா மிளகாய்ப்பொடி தடவிய இட்லியைப் பிரித்தார். அப்படியே நடந்து நேப்பியர் பாலத்தைத் தாண்டினால் போர் நினைவுச் சின்னம் வரும், முதல் உலகப் போரின் வெற்றிக்காகக் கட்டியது, பின்னால் வந்த போர்களையும் அதில் பொறித்திருக்கிறார்கள், போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். கால் வலிக்கிறது என்றார் அப்பா. அவ்வளவு நேரம் நாற்காலி வேண்டாம் என்று நின்றவர்.

அப்போதுதான் என் பெண் வாய் நிறைய இட்லியோடு, "தாத்தா, நீ எந்தச் சண்டைக்குப் போன?" என்றாள்.

எனக்கு வாய் வரை வந்துவிட்டது அந்தக் காஷ்மீர். பதினைந்து வருடப் பழக்கம் இல்லையா. அதற்குள் அப்பா "யாழ்ப்பாணம்" என்று சொல்லிவிட்டார்.

"அது எங்க இருக்கு?"

அவர் எச்சில் கையோடு கடலோரமாகத் தெற்கே காட்டினார். "அதோ லைட் ஹவுஸ் தெரியுதா? அதையும் தாண்டி, இப்படியே கரையோரமாப் போய்க்கிட்டே இருந்தா, வேதாரண்யம் வரும். அதுக்கு அப்புறம் கொஞ்சம் கடல். அந்தப் பக்கம்."

"அங்க என்ன பாஷை?"

"தமிழ்தான். நம்மளவிட நல்லாப் பேசுவாங்க."

"அப்ப ஏன் சண்டை?"

அவர் இட்லித் தூக்கை மூடி, உதறி, பையில் வைத்தார். பிறகு என்னைக் காட்டி, "பெரியவளானதும் உங்கம்மாவைக் கேளு, அவ நிறையப் படிச்சிருக்கா" என்றார். அதில் குத்தல் இருந்ததா இல்லையா என்று இப்போதும் யோசிக்கிறேன். அவள் அதற்குள் பஞ்சு மிட்டாய்க்காரரைப் பார்த்துவிட்டாள்.

ஆக, கேட்டதற்குப் பதில்: கூட்டிப் போங்கள். ஆறு மணிக்கு முன்னால் போய்விடுங்கள், குழந்தைக்குத் தொப்பி, வயதானவர்களுக்குச் சாப்பாடும் மாத்திரையும் மறக்க வேண்டாம். அப்பாவை மெடல் குத்திக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், நான் முதல் நாள் ராத்திரி முயற்சி செய்து திட்டு வாங்கினேன். கூட்டம் பிடிக்காதவர் என்றால் வீட்டில் டிவி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால்கூடப் போதும், ஆனால் குழந்தை கேள்வி கேட்கும்போது நீங்கள் குறுக்கே பேசாமல் இருங்கள். எனக்கு அது அரை நொடியில் தப்பியது.

அடுத்த வாரம் வகுப்பில் 'என் தாத்தா' என்று பத்து வரி எழுதச் சொன்னார்கள். நாலாவது வரியில் "என் தாத்தா யாழ்ப்பாணத்தில் தமிழ் பேசும் வேலை பார்த்தார்" என்று எழுதியிருந்தாள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்துவிட்டு, யாழ்ப்பாணத்தில் அவள் 'ழ'வுக்குப் பதில் போட்டிருந்த 'ள'வை மட்டும் ரப்பரால் அழித்துத் திருத்திக் கொடுத்தார்.