வாசகர் கேள்வி – பதில்: ஒழுகும் கூரைக்கு மேல் போர்வை வேண்டாம்

கேள்வி: ஐயா, 2011ஆம் ஆண்டு தயாரிக்கப்பட்ட 24 அடி நீளமான பயண ட்ரெயிலர் ஒன்றைச் சென்ற வசந்தத்தில் வாங்கினோம். ஓகஸ்ட் மாதம் அல்கொன்குயின் பூங்காவில் தங்கியிருந்தபோது, இரவு பெய்த மழையில் முன்பக்கக் கட்டிலுக்கு மேலே கையகலத்துக்குப் பழுப்புக் கறை தோன்றியது. வீடு திரும்பியதும் கூரையில் ஏறி, கறைக்கு அருகில் இருந்த காற்றுப்போக்கியைச் சுற்றித் தாராளமாகச் சிலிக்கன் பூசினேன். செப்டெம்பர் மழையில் கறை இன்னும் பெரிதாகிவிட்டது. இப்போது ஒக்டோபர் நடுப்பகுதி. பெரிய நீலத் தறப்பாள் ஒன்றால் முழுவதையும் இறுக்கிக் கட்டிவிட்டு, பழுதை அடுத்த மே மாதம் பார்த்துக்கொள்ளலாமா?
– வாசகர் ஒருவர், ஏஜாக்ஸ், ஒன்ராறியோ

பதில்: அப்படிச் செய்யாதீர்கள். மேலிருந்து வரும் மழையைத் தறப்பாள் தடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் கூரைப் பலகைக்குள் ஏற்கெனவே இறங்கியிருக்கும் ஈரத்தையும் அது வெளியே போகவிடாது. ஆறு மாதம் காற்றில்லாமல் மூடிக்கிடந்த ஈரப் பலகையில், மே மாதத்தில் நீங்கள் காணப்போவது கறையை அல்ல, பூஞ்சணத்தையும் உக்கலையும்தான். ஆகவே ஒழுக்கைக் கண்டுபிடிப்பது முதலாவது, உலர்த்துவது இரண்டாவது, அடைப்பது மூன்றாவது, மூடுவது கடைசி. நாட்கள் குறைவாக இருக்கின்றன என்பதற்காக இந்த ஒழுங்கை மாற்றக்கூடாது.

கறை தெரிகிற இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைத்தது, பலரும் செய்கிற பிழை. கூரைத் தோலுக்கும் உட்கூரைக்கும் நடுவே மரச் சட்டங்களும் வெப்பத்தடுப்புப் பஞ்சும் மின்கம்பிகளும் இருக்கின்றன. உள்ளே இறங்கிய நீர் அவற்றின் வழியே பல அடி தூரம் ஓடி, எங்கே தாழ்வோ அங்கேதான் சொட்டும். முன்கட்டிலுக்கு மேலே கறை என்றால், நான் முதலில் சந்தேகிப்பது காற்றுப்போக்கியை அல்ல. கூரைத் தோல் முன்சுவரைச் சந்திக்கும் இடத்தில் குறுக்கே ஓடும் உலோகப் பட்டையையும், அதன் கீழே நெற்றியில் வரிசையாக இருக்கும் சிறிய செம்மஞ்சள் விளக்குகளையும், பக்கவாட்டு நீர்வாரியின் மூலைகளையும்தான் பார்ப்பேன். நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் எதிர்க்காற்றையும் அதிர்வையும் வாங்குவது அந்த நெற்றிதான். அங்குள்ள திருகாணிகள் தளர்வது இயல்பு.

இதை உறுதிசெய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே விளக்குடன் இருக்க, மற்றவர் தோட்டக் குழாயால் நீரை மெதுவாக, கீழிருந்து மேலாக விடவேண்டும்: முதலில் விளக்குகள், பிறகு பட்டை, அதன்பின் கூரையின் மூலைகள், கடைசியாகவே காற்றுப்போக்கி. ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம் பொறுத்திருங்கள். மேலிருந்து தொடங்கினால் வழிந்தோடும் நீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது ஓட்டை என்பது தெரியாமலே போய்விடும். இன்னும் துல்லியமான முறையொன்றும் உண்டு. காற்றூதி ஒன்றால் ட்ரெயிலருக்குள் சிறிதளவு காற்றழுத்தத்தை ஏற்படுத்தி, வெளியே இணைப்புகளில் சவர்க்கார நீர் தெளித்தால், ஓட்டை உள்ள இடத்தில் குமிழி எழும். சில பழுதுபார்க்கும் நிலையங்கள் இதைக் கட்டணத்துக்குச் செய்து தருகின்றன. தேடித்தேடி அலுத்தவர்களுக்கு அந்தச் செலவு பெறுமதியானது.

அடுத்தது ஈரம். இரண்டு ஊசிகள் உள்ள ஈரமானி ஒன்றை வன்பொருள் கடையில் வாங்கி, கறையைச் சுற்றிலும் குத்திப் பாருங்கள். 15 வீதத்துக்குக் கீழே காட்டினால் பலகை உலர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். 20 வீதத்துக்கு மேலே நீடித்தால் உக்கலுக்கு வழி திறந்துவிட்டது. உட்கூரைத் தகட்டைக் கழற்ற மனம் வராமல் இருக்கும். ஆனாலும் கறை படிந்த பகுதியைக் கழற்றி, நனைந்த பஞ்சை எடுத்தெறிந்து, மேற்பலகையைத் திருப்புளியால் அழுத்திப் பாருங்கள். நுனி மெத்தென்று இறங்கினால் அந்தத் துண்டை வெட்டியெடுத்துப் புதுப் பலகை வைக்காமல் வேறு வழியில்லை. பலகை உறுதியாக இருந்தால் மின்சூடேற்றியையும் ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தையும் சேர்த்துச் சில நாட்கள் ஓடவிடுங்கள். புகைபோக்கி இல்லாத புரொப்பேன் அடுப்பை மாத்திரம் உள்ளே வைத்து உலர்த்த முயலவேண்டாம்: ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் அதிகமான நீர் ஆவியாக வெளிவரும். உலர்த்துகிறோம் என்று நினைத்துக்கொண்டு நனைத்துக்கொண்டிருப்பீர்கள். நச்சுவாயுவின் ஆபத்தும் கூடவே இருக்கிறது.

இனி அடைப்பு வேலை. நீங்கள் பூசிய சிலிக்கனைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்லவேண்டியிருக்கிறது. குளியலறைக்கு நல்ல பொருளான அது, இந்தக் கூரைக்கு ஆகாது. இறப்பர்க் கூரையில் சரியாகப் பிடிக்காததோடு, இறுகிய சிலிக்கனின் மேல் வேறெந்த அடைப்புப் பசையும் ஒட்டாது. ஏன், புதுச் சிலிக்கன்கூடச் சரியாக ஒட்டாமல் போகலாம். ஆகவே அதை முழுவதும் பிளாஸ்ரிக் சுரண்டியால் மெல்லச் சுரண்டி எடுத்தேயாகவேண்டும். கத்தியைப் பாவித்தால் தோலைக் கிழிப்பீர்கள். பெற்றோலியக் கரைப்பான்களும் கூடாது. உங்கள் ட்ரெயிலரின் வயதைப் பார்த்தால் கூரை ஈ.பி.டி.எம். இறப்பராக இருக்கலாம், அது பெற்றோலியப் பொருட்கள் பட்டால் ஊதிப் பொருமும். துடைத்த துணியில் சுண்ணாம்பு போன்ற வெள்ளைத் தூள் படிந்தால் பெரும்பாலும் ஈ.பி.டி.எம்.தான், டி.பி.ஓ. என்ற பிளாஸ்ரிக் வகைக் கூரையில் அப்படித் தூள் வராது. எதுவானாலும் மென்மையான சவர்க்கார நீரால் கழுவி, உலரவிட்டு, ஒட்டவேண்டிய இடத்தை ஐசோபுரொப்பைல் அற்ககோலால் துடைத்தால் போதும்.

உலோகப் பட்டையோ காற்றுப்போக்கியின் விளிம்போ ஒழுகுகிறது என்று தெரிந்தால், மேலே பசை பூசி ஒப்பேற்றாதீர்கள். திருகாணிகளைக் கழற்றி, பட்டையைத் தூக்கி, அடியில் காய்ந்து வெடித்திருக்கும் பழைய பியூட்டைல் என்ற ஒட்டும் இறப்பர் நாடாவை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து, மீண்டும் திருகி, ஆணித் தலைகளின் மேலும் விளிம்பின் மேலும் கூரைக்கென்றே விற்கப்படும் அடைப்புப் பசையை இடவேண்டும். நீரைத் தடுப்பது உண்மையில் அந்த அடிநாடாதான். படுக்கையான இடத்துக்குத் தானாகப் பரவி மட்டமாகும் வகையும், சரிவான அல்லது செங்குத்தான இடத்துக்கு வழியாமல் நிற்கும் வகையும் தனித்தனியாகக் கிடைக்கின்றன. டைக்கோர் என்ற பெயரில் இரண்டும் உண்டு. முதல் வகையை நெற்றியில் பூசிவிட்டு, அது முன்யன்னல்வரை வழிந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். ஆகவே குழாயின் மேலே எழுதியிருப்பதை வாசியுங்கள்.

காலநிலைதான் உங்கள் உண்மையான சிக்கல். இந்தப் பசைகளுக்குப் பொதுவாக 10 பாகை செல்சியசுக்கு மேலான வெப்பம் வேண்டும். ஒக்டோபர் பிற்பகுதியில் தெற்கு ஒன்ராறியோவில் அப்படியான உலர்ந்த நண்பகல்கள் சில கிடைக்கும். பசைக் குழாயை முதல்நாள் இரவே வீட்டுக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டு, காலைப் பனி முழுவதும் காய்ந்தபின் ஏறுங்கள். நனைந்த இறப்பர்க் கூரை வாழைத்தோல்போல் வழுக்கும். பலகைத் துண்டொன்றை விரித்து அதன்மேல் முழந்தாளிட்டு வேலை செய்தால் பாரம் பரவும். அப்படியொரு நாள் கிடைக்காமல் குளிர் முந்திவிட்டால், எட்டர்னாபாண்ட் போன்ற கூரை நாடாவைச் சுத்தமான, உலர்ந்த இணைப்பின் மேல் உருளையால் அழுத்தி ஒட்டலாம். அது குளிரையும் தாங்கும். ஆனால் ஒட்டியபின் அதை உரித்தெடுப்பது பெரும்பாடு என்பதால், ஈரமானி சம்மதம் சொல்லாத இடத்தில் ஒட்டவேண்டாம்.

கேள்வி: சென்ற குளிர்காலத்தில் தறப்பாள் கட்டினேன். வசந்தத்தில் அவிழ்த்தபோது நான்கு மூலைகளிலும் கிழிந்திருந்தது. கயிறு உரசிய இடங்களில் பெயின்ட்டும் போய்விட்டது. கூரையில் பழுது எதுவும் இல்லை. உறை வாங்குவது அவசியமா?
– பீற்றர்பரோ வாசகர்

பதில்: ட்ரெயிலருக்கென்றே தைக்கப்பட்ட, காற்றுப் புகக்கூடிய பல அடுக்குத் துணி உறை நல்லது. நீராவி வெளியேறும், பக்கவாட்டில் காற்றுத் துவாரங்கள் இருக்கும், வண்டியின் அடியால் இழுத்துக் கட்டும் வார்களும் உண்டு. தறப்பாளைக் கெடுப்பது மழையல்ல, காற்று. தளர்ந்த இடத்தில் அது இரவும் பகலும் படபடத்து, மணற்தாள்போலத் தேய்க்கும். நல்ல உறைகூட நீர்வாரியின் நுனி, ஏணி, அன்ரெனா போன்ற கூர்முனைகளில் கிழியும் என்பதால், நுனிகளுக்குப் பிளந்த ரெனிஸ் பந்துகளையும், நீண்ட விளிம்புகளுக்கு நீச்சற்குளத்தில் பிள்ளைகள் மிதக்கவைக்கும் நுரைக் குழாய்களையும் மாட்டிவிடுங்கள். போர்த்துமுன் வண்டியைக் கழுவிக் காயவைப்பது முக்கியம். ஊத்தையின் மேல் போர்த்தினால் உறையே உரசுதாளாகிவிடும். முன்புறத்தைச் சற்று உயர்த்தி நிறுத்தினால் உருகும் நீர் கூரையில் தேங்காமல் பின்னால் ஓடிவிடும்.

தறப்பாள்தான் வசதி என்றால், கூரையின் நடுவே நீளவாட்டில் மரச் சட்டத்தால் ஒரு முகடு அமைத்து, கொட்டில்போல் இருபுறமும் சரித்துக் கட்டுங்கள். தறப்பாளுக்கும் கூரைக்கும் இடையில் காற்று ஓடட்டும், இரண்டு முனைகளும் திறந்திருக்கட்டும். மாரிக்கு முன்னர் ஊரில் வீடு வேய்ந்தவர்களுக்கு முகடு எதற்கு என்று விளக்கவேண்டியதில்லை.

கேள்வி: கூரையில் சேரும் பனியை அள்ளவேண்டுமா?
– கல்கரி வாசகர்

பதில்: அளவைப் பொறுத்தது. 24 அடி நீளம், 8 அடி அகலம் என்றால் கூரைப் பரப்பு ஏறத்தாழ 18 சதுர மீற்றர். ஒரு கன மீற்றர் புதுப்பனி 100 கிலோ என்று வைத்துக்கொண்டால், 30 சென்ரிமீற்றர் பனி அரைத் தொன்னுக்குச் சற்று மேலே வரும். அதே ஆழத்துக்கு ஈரப்பனி இருந்தால் மூன்று மடங்கு ஆகலாம். ஓரடியைத் தாண்டினால் மென்மையான தூரிகைத் தலையுள்ள நீண்ட கோலால், தரையில் நின்றபடியே இழுத்துவிடுங்கள். உலோகச் சவளைக் கூரைக்குக் கொண்டுபோகவேண்டாம். அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய படையைச் சுரண்டவும் வேண்டாம்.

உங்கள் ஊரில் பாரத்தைவிட எனக்குப் பயம், குளிர்காலத்தில் திடீரென வீசும் சூடான சினூக் காற்றைத்தான். நடுக்குளிரில் பனி உருகி, விரிசலுக்குள் இறங்கி, இரவில் மீண்டும் உறையும்போது நீர் ஏறத்தாழ 9 வீதம் விரிந்து விரிசலை இன்னும் பிளக்கும். ஒவ்வொரு சினூக்குக்குப் பிறகும் கதவைத் திறந்து, கூரையின் மூலைகளையும் அலுமாரிகளின் உட்புறத்தையும் கையால் தடவிப் பாருங்கள். கல்சியம் குளோரைட்டு ஈரம் உறிஞ்சி வைத்திருந்தால், அதில் சேர்ந்த உப்புநீரை அப்போதே வெளியே ஊற்றிவிட்டு, புதுக் கட்டிகளைப் போட்டுக் கதவைச் சாத்துங்கள்.