புள்ளியையும் சாஃப்ட்வேரே வைக்கட்டுமே?

கேள்வி: ட்ரோன் சர்வே வேலையில் இருக்கிறேன். அறுநூறு படம் கொடுத்தால் டை பாயிண்ட் (பல படங்களில் பொதுவாகத் தெரியும் புள்ளி) எல்லாவற்றையும் சாஃப்ட்வேரே பிடித்துவிடுகிறது. ஆனால் ஜி.சி.பி.யை (தரையில் இடம் அளந்து வைத்த கட்டுப்பாட்டுப் புள்ளியை) மட்டும் படம் படமாகத் திறந்து நான்தான் குறிக்க வேண்டியிருக்கிறது. இதற்கும் வழியில்லையா? ரிப்போர்ட்டில் பிழை அரை பிக்சலுக்குக் கீழே வந்தால் ஜி.சி.பி. இல்லாமலே கொடுத்துவிடலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன், அப்படிக் கொடுக்காதீர்கள்.

டை பாயிண்ட் எடுக்கும்போது சாஃப்ட்வேருக்கு முழுச் சுதந்திரம் உண்டு. கல்லோ, வரப்பு முனையோ, தனியாகத் தெரிகிற எதையும் எடுத்துக்கொள்ளும். 1999-இல் டேவிட் லோ கொண்டுவந்த 'ஸிஃப்ட்' முறையில் ஒவ்வொரு புள்ளியின் சுற்றுப்புறமும் 128 எண்களாக எழுதப்படுகிறது, படம் திரும்பியிருந்தாலும் பெரிது சிறிதானாலும் அந்த எண்கள் அதிகம் மாறாது, அதை வைத்துத்தான் அடுத்த படத்தில் ஜோடி தேடுகிறது. தப்பான ஜோடிகளை 'ரான்சாக்' என்ற சோதனை கழித்துவிடும். ஆயிரத்தில் முந்நூறு போனாலும் கவலையில்லை. ஜி.சி.பி. அப்படியில்லை, நீங்கள் ரோவரை (இடத்தைத் துல்லியமாக அளக்கும் ஜி.பி.எஸ். கருவியை) வைத்த அதே இடம்தான் வேண்டும், பத்தில் ஒன்று தப்பினால் மொத்த முப்பரிமாண மாடலையும் இழுத்துவிடும்.

தானாகக் குறிக்க வழி இருக்கிறது. தொழிற்சாலைகளில் விமான பாகங்களை அளக்க ஒவ்வொன்றும் ஒரு எண்ணைக் குறிக்கும்படி வளையக் குறியீடு போட்ட இலக்குகளை ஒட்டுவார்கள், எண்ணைப் படிப்பதும் மையத்தைப் பிக்சலில் நூறில் சில பங்கு வரை கண்டுபிடிப்பதும் சாஃப்ட்வேர் வேலை. ஆனால் 100 மீட்டர் உயரத்தில், 8.8 மி.மீ. லென்ஸ், 2.4 மைக்ரான் பிக்சல் என்றால் தரையில் ஒரு பிக்சலே 2.7 செ.மீ. அந்த வளையம் படிக்கிற அளவுக்குத் தெரிய வேண்டுமானால் பலகை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அகலம் வேண்டும், பத்துப் பலகையை வயல்வெளியில் யார் தூக்கிக்கொண்டு அலைவது? கறுப்பு வெள்ளைக் கட்டம் போதும். முதலில் படங்களை அலைன் செய்யுங்கள் (சாஃப்ட்வேர் அவற்றை ஒன்றோடொன்று பொருத்தட்டும்), இரண்டு மூன்று படத்தில் குறியுங்கள், மற்ற படங்களில் புள்ளி எங்கே விழும் என்று சாஃப்ட்வேரே காட்டும். அப்புறம் நீங்கள் பார்த்து, தேவைப்பட்டால் நகர்த்தினால் போதும். பாதி நேரத்துக்கு மேல் மிச்சம்.

இப்போது அந்த அரை பிக்சல். படங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றன என்பதற்கு மேல் அந்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை. எல்லாப் படத்தையும் ஒரே உயரத்தில், நேர் கீழே பார்த்து எடுத்தால், லென்ஸ் கணக்கில் வரும் சின்னப் பிழை சமதரையைக் கவிழ்த்த தட்டு மாதிரி வளைத்துவிடும், படங்களும் அதற்குச் சந்தோஷமாக ஒத்துப்போகும். நான் செய்த ஒரு ஏரி வேலையில் ரிப்போர்ட் 0.4 பிக்சல், நடுவில் உயரம் 20 செ.மீ. தப்பு. சாஃப்ட்வேருக்குக் கொடுக்காமல், சரிபார்க்க மட்டும் தரையில் அளந்த இரண்டு புள்ளிகளை, அதாவது செக் பாயிண்ட்டுகளை, தனியாக வைத்திருந்ததால்தான் தெரிந்தது. பத்து ஹெக்டேர் முழுக்க 20 செ.மீ. தப்பினால் கொள்ளளவில் 20,000 கன மீட்டர் போய்விடும், அதை நம்பி மதகு போடுகிறவர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அதனால் கொஞ்சம் சாய்வான படங்களும் எடுங்கள், ஓரத்தில் மட்டும் இல்லாமல் நடுவிலும் ஜி.சி.பி. வையுங்கள், மூன்று நான்கு செக் பாயிண்ட்டை சாஃப்ட்வேருக்குக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரிலும் காற்றில் ஆடும் தென்னை ஓலையிலும் விழுந்த டை பாயிண்ட்டுகளை அழித்துவிடுங்கள்.

கேள்வி: இந்தத் தானியங்கி அளவெல்லாம் கம்ப்யூட்டர் வந்த பிறகுதானே? (கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: இல்லை. 1901-இல் ஜெர்மனியின் ஜெனாவில் கார்ல் புல்ஃப்ரிக் செய்த ஸ்டீரியோ கம்பரேட்டரில் (ஒரே இடத்தின் இரண்டு படங்களை ஒப்பிட்டு அளக்கும் கருவியில்) மனிதக் கண்தான் இரண்டு படத்தையும் சேர்த்துப் பார்த்து, கருவிக்குள் தெரியும் 'மிதக்கும் புள்ளி' என்ற குறியைப் படத்தின் தரையில் உட்கார வைத்தது. அந்தக் கண்ணின் வேலையை 1950-களிலேயே கனடாவில் கில்பர்ட் ஹோப்ரோ எலெக்ட்ரானிக்ஸிடம் கொடுத்தார். இரண்டு படத்தின் சின்னத் துண்டுகளையும் ஒளிப்புள்ளியால் வருடி, வரும் சிக்னல்களை ஒப்பிடும் கருவி அது. தண்ணீர் மாதிரி ஒரே நிறமாக இருக்கும் இடத்தில் அதுவும் தடுமாறியது, அங்கெல்லாம் ஆபரேட்டர்தான் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.