இளகிய மனசுக்காரி நர்ஸ் வேலையில் தாங்குவாளா?

தண்டையார்பேட்டையிலிருந்து கேட்டிருக்கும் அம்மாவுக்கு,

மகள் பி.எஸ்சி. நர்ஸிங்தான் படிப்பேன் என்று நிற்கிறாள், ஆனால் பக்கத்தில் யார் அழுதாலும் இவளும் அழுதுவிடுகிறாள், தாங்குவாளா என்று கேட்டிருக்கிறீர்கள். தாங்குவாள். அவள் மனசைப் பற்றி எனக்குப் பயமில்லை. எத்தனை நோயாளிகளை அவள் ஒருத்தி தலையில் கட்டப் போகிறார்கள் என்பதுதான் என் கவலை.

நெரிசலான வார்டில் ஒரு நைட் டியூட்டியை நினைத்துப் பாருங்கள். ஒரு கட்டிலில் டிரிப்ஸ் தீரப் போகிறது. அடுத்த கட்டிலுக்கு ஊசி போடும் நேரம். "சிஸ்டர், அப்பாவுக்கு மூச்சு வாங்குது" என்று ஒரு பையன் ஓடி வருகிறான். பயந்து கிடக்கும் பெரியவரிடம் நின்று இரண்டு வார்த்தை பேச அவளுக்கு ஆசைதான், நேரமில்லை. செய்ய வேண்டியது தெரிந்தும் செய்ய முடியாமல் போவதுதான் நர்ஸை உள்ளுக்குள் அரிக்கிறது. எரிந்து விழுகிற சிஸ்டர்கள் பலரும் உங்கள் மகளைப் போல இளகிய மனசோடு வந்தவர்கள்தான்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மருத்துவமனைகளில் நர்ஸிங் ஆராய்ச்சியாளர் லிண்டா ஐக்கன் குழு செய்த ஆய்வு 2002-ல் வெளியானது. ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினாலே, அவர் மனம் சோர்ந்து போவதற்கான வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது என்றார்கள். நம் இந்திய நர்ஸிங் கவுன்சில் கணக்குப்படி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனைகளில் 5 பேருக்கு ஒருவர் வேண்டும். நடைமுறை எப்படி என்று ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி பக்கமோ ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி பக்கமோ போய்வந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் படிப்பு முடிந்து வேலைக்குப் போகும்போது, சம்பளத்துக்கு முன்னால் இதைக் கேட்கச் சொல்லுங்கள்: இரவில் ஒரு நர்ஸுக்கு எத்தனை கட்டில்? டியூட்டி எட்டு மணி நேரமா, பன்னிரண்டா? நோயாளியின் ஆட்கள் சண்டைக்கு வந்தால் கூட நிற்பது யார்? ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் அங்கே வேண்டாம். சம்பளத்துக்கும் ஒரு அளவுகோல் உண்டு. உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனைகூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்று 2016-ல் பரிந்துரைத்தது. எல்லாரும் தருவதில்லை, ஆனால் தெரிந்து பேசுகிறவளிடம் ஏமாற்றுவது கஷ்டம்.

அழுகையைப் பற்றியும் சொல்கிறேன். அடுத்தவர் வலியைத் தானும் பட்டுத் துடிப்பது வேறு, அந்த வலிக்கு என்ன செய்யலாம் என்று கை நீட்டுவது வேறு. இரண்டாவது பழகப் பழக வரும். பயிற்சிக் காலத்தில் சீனியர் சிஸ்டர்களிடம் மனம்விட்டுப் பேசச் சொல்லுங்கள்.

அப்புறம், வீடு. நம் பக்கத்து வீடுகள் பலவற்றில் ஒரே அறைதான். நைட் முடித்து வருகிறவளுக்குப் பகல்தான் ராத்திரி. டிவி சத்தத்தைக் குறையுங்கள். தண்ணி லாரி வந்துவிட்டது, குடத்தை எடு என்று எழுப்பாதீர்கள், தம்பியை அனுப்புங்கள்.