கண்புரை திரும்ப வந்துவிட்டதோ என்ற உங்கள் ஐயத்துக்கு

இரண்டு ஆண்டுகளுக்கு முன் கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்ட உங்கள் தந்தைக்கு அதே கண்ணில் பார்வை மங்குவதாகவும், எதிரே வரும் வண்டியின் விளக்கொளி சிதறித் தெரிவதாகவும், மீண்டும் அறுவை சிகிச்சை வேண்டியிருக்குமோ என்று அவர் அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அகற்றிய புரை மறுபடி வளர்வதில்லை.

கலங்கிய லென்ஸை எடுக்கும்போது, அதைச் சூழ்ந்த மெல்லிய உறையின் பின்பகுதியை மருத்துவர்கள் விட்டுவைக்கிறார்கள். செயற்கை லென்ஸைத் தாங்குவது அதுதான். அங்கே எஞ்சிய செல்கள் மாதங்களோ ஆண்டுகளோ கழித்து உறையின்மீது படர்ந்து, அதை மங்கச் செய்வது பலருக்கும் நேர்கிறது. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் இதற்குப் பொருந்துகின்றன.

அப்படியானால் கத்தி தேவையில்லை. சொட்டு மருந்தால் கண்ணின் பாப்பாவை (நடுவிலுள்ள கருந்துளையை) விரித்து, கருவியின் தாங்கியில் முகவாயை வைத்து உட்காரச் சொல்லி, யாக் எனப்படும் ஒருவகை லேசர் ஒளியால் உறையின் நடுவில் சிறு திறப்பை உண்டாக்குவார்கள். சில நிமிட வேலைதான். பெரும்பாலும் வலி இராது, அன்றே வீடு திரும்பலாம். கண் அழுத்தம் சற்று உயரக்கூடும் என்பதால் அதை அளந்து பார்ப்பது வழக்கம்.

ஆனால் அவருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொல்வதால், லேசருக்கு ஒப்புக்கொள்ளும் முன் விழித்திரையைப் பரிசோதிக்கும்படி அவசியம் கேளுங்கள். விழித்திரையின் மையத்தில் நீர் கோத்திருந்தாலும் பார்வை மங்கும். அதற்கு லேசர் திறப்பு உதவாது. சிகிச்சைக்குப் பின் சில நாள்கள் கரும்புள்ளிகள் மிதப்பது இயல்பு. அவை திடீரெனப் பெருகினாலோ, மின்னல் போன்ற ஒளி வெட்டினாலோ, ஓரத்தில் திரை விழுந்ததுபோல் இருண்டாலோ, அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.