சமூக ஊடகப் பழக்கத்தை ஆராய்வது எப்படி? – கேள்வி பதில்

"ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்?" என்று மாணவர்களிடம் கேட்டு ஆய்வேடு எழுதப் போகிறேன் மேடம். போதுமா? (முதுகலை மாணவி)

போதாதும்மா. வாயால் சொல்லும் நேரமும் போனில் பதிவாகும் நேரமும் ஓரளவுக்குத்தான் ஒத்துப்போகும். ஸ்கிரீன் டைம் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தரச் சொல்லுங்கள். அப்போதும் பாதிதான் தெரியும். ஒரு மாணவி ஒரு மணி நேரம் போனில் இருந்தாள் என்றால், அக்காவோடு வாட்ஸ்அப்பில் பேசினாளா, ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே இருந்தாளா என்பதை அவளிடம்தான் கேட்க வேண்டும்.

இன்ஸ்டாகிராம் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்கிறார்கள்; ஒன்றுமில்லை என்றும் சொல்கிறார்கள். எதை நம்புவது? (ஒரு தந்தை)

இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் சார். 2019இல் ஏமி ஆர்பனும் ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கியும் 3,55,358 பதின்வயதினரின் தரவுகளை அலசினார்கள். பிள்ளைகளின் மனநலத்தில் காணும் வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 சதவீதம்தான் டிஜிட்டல் பயன்பாட்டோடு தொடர்புடையது என்று வந்தது. அடுத்த ஆண்டு நெதர்லாந்தில் நடந்த இன்னோர் ஆய்வில் வெறும் 63 பதின்வயதினர். ஒரு வாரம், தினம் 6 முறை, போனிலேயே கேள்வி: இப்போது என்ன பார்த்தாய், மனசு எப்படி இருக்கிறது? சும்மா பார்த்துக்கொண்டிருந்தபோது 46 சதவீதம் பேருக்கு மனம் தெளிந்தது, 44 சதவீதம் பேருக்கு மாற்றமில்லை, 10 சதவீதம் பேருக்கு வாடியது. பெரிய ஆய்வின் சராசரியில் அந்தப் பத்து சதவீதம் கரைந்துவிடும். உங்கள் பிள்ளை அதில் ஒருவராக இருந்தால் சராசரியை வைத்து என்ன செய்வீர்கள்? அதனால்தான் ஒரே ஆளைத் திரும்பத் திரும்பக் கேட்கும் முறையை நான் விடாமல் வலியுறுத்துகிறேன்.

கூட இருந்து பார்ப்பதெல்லாம் ஆய்வாகுமா? (பொறியியல் மாணவர்)

தாராளமாக. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் மானிடவியல் திட்டத்தில் ஸ்ரீராம் வெங்கட்ராமன் சென்னைக்கு அருகே, ஐ.டி. நிறுவனங்களும் கிராமங்களும் கலந்த ஒரு பகுதியில் 15 மாதம் களப்பணி செய்தார். காலையில் சாமி படத்தோடு வரும் 'குட் மார்னிங்'கை எண்ணிக்கை ஆய்வு ஒரு மெசேஜ் என்று எழுதிவிட்டுப் போகும். அனுப்புகிறவர் அதை ஒரு நல்ல காரியமாகச் செய்கிறார் என்பது பக்கத்தில் இருந்தவருக்குத்தான் தெரிந்தது.

பொதுவில் போட்ட பதிவுதானே, அனுமதி எதற்கு?

போட்டவர் உங்களுக்காகப் போடவில்லை. 2012இல் ஃபேஸ்புக் 6,89,003 பேரின் நியூஸ்ஃபீடை மாற்றி மனநிலையைச் சோதித்தது. தனியாக யாரையும் கேட்கவில்லை. 2014இல் கட்டுரை வெளிவந்ததும் கடும் எதிர்ப்பு. கேட்டுவிட்டே எடுங்கள். மேற்கோள் காட்டினாலும் வரியை மாற்றி எழுதுங்கள்; அப்படியே போட்டால் கூகுளில் தேடி ஆளைப் பிடித்துவிடலாம்.

ட்விட்டர் தரவு கிடைக்குமா மேடம்?

ஆய்வாளர்களுக்கான இலவச வழி 2023இல் அடைபட்டது. பங்கேற்பவர்களே தங்கள் கணக்கிலிருந்து தரவை டவுன்லோட் செய்து தரலாம். வாங்கியதும் மற்றவர்களின் பெயர்களை முதலில் நீக்குங்கள்.