செவ்வாயிலிருந்து வரும் படங்களை எப்படிப் படிப்பது? – கேள்வி பதில்

செவ்வாயில் ரோவர்கள் (தரையில் ஊர்ந்து ஆராயும் ஆளில்லா ஊர்திகள்) எடுத்த படங்களைப் பற்றிய ஐயங்களை எழுதியனுப்புமாறு கேட்டிருந்தேன். வந்தவற்றுள் ஒரே பொருளைத் தொட்டவற்றை ஒன்றாக்கி இங்கே விடை எழுதியிருக்கிறேன். நான் எந்த விண்வெளி நிறுவனத்திலும் பணியாற்றுபவன் அல்லன். பொதுவெளிக்கு வரும் மூலப் படங்களை இறக்கி, ஒட்டி, அளந்து பார்ப்பதையே பல ஆண்டுகளாகப் பொழுதுபோக்காகக் கொண்டவன்.

கேள்வி: ஐயா, ஒரே இடத்தின் படம் ஒன்றில் துருப்பிடித்த நிறத்திலும் இன்னொன்றில் சாம்பலும் நீலமும் கலந்தும் தெரிகிறது. உண்மையான நிறத்தை நம்மிடம் காட்டாமல் மாற்றுகிறார்களா?

பதில்: மாற்றுகிறார்கள் என்பது உண்மை, மறைப்பதற்காக மாற்றுகிறார்கள் என்பது உண்மையன்று. நாசாவின் ரோவர்களான கியூரியாசிட்டி, பெர்சிவரன்ஸ் ஆகியவற்றின் வண்ணப் படங்கள் பெரும்பாலும் மூன்று வடிவங்களில் நமக்குக் கிடைக்கின்றன. முதலாவது, கேமரா பதிந்ததை அப்படியே தரும் மூலப் படம். இரண்டாவது, அங்கே நின்று பார்க்கும் மனிதக் கண்ணுக்கு ஏறத்தாழ எப்படித் தெரியுமோ அப்படிச் சீர்செய்த படம். மூன்றாவது, பூமியின் பகல் வெளிச்சத்தில் அந்தப் பாறையைக் கொண்டுவந்து வைத்தால் எப்படியிருக்குமோ அப்படி வெண்மையைச் சமன்செய்த படம். இந்த மூன்றாவது வகையில் வானம் வெளிறிய நீலமாக மாறிவிடுவதைக் கண்டுதான் பலர் ஐயுறுகிறார்கள். ஆனால் அது நிலவியலாளருக்காகச் செய்யப்படுவது. பூமியின் பாறைகளைப் பார்த்துப் பழகிய கண், அதே வெளிச்சத்தில் வைத்தால்தான் எரிமலைப் பாறையையும் களிமண் பாறையையும் எளிதில் பிரித்தறியும்.

இதில் தவறே நேர்ந்ததில்லை என்று சொல்லமாட்டேன். 1976 ஜூலையில் நாசாவின் வைகிங் 1 கலம் தரையிறங்கியபோது, அவசரமாகச் சீர்செய்து வெளியிட்ட முதல் வண்ணப் படத்தில் வானம் நம் வானத்தைப் போலவே நீலச் சாயலில் இருந்தது. கலத்தின் மீதிருந்த வண்ண அட்டையோடு ஒப்பிட்டுத் திருத்திய பிறகுதான் வானம் மங்கிய இளஞ்சிவப்பும் பழுப்புமாக மாறியது. அதனால்தான் பின்வந்த ரோவர்கள் ஒவ்வொன்றின் முதுகிலும் நிறம் தெரிந்த வட்டங்கள் பதித்த ஓர் அளவீட்டுத் தகடு இருக்கிறது. அந்தத் தகட்டைப் படமெடுத்து அதன் நிறம் எவ்வளவு மாறித் தெரிகிறது என்று பார்த்தால், அன்றைய வெளிச்சத்தின் சாயல் தெரிந்துவிடும்.

முந்தைய ரோவர்களான ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ஆகியவற்றின் படங்களைப் பார்க்கும்போது மட்டும் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அவற்றின் முதன்மைக் கேமராவுக்கு நிறமே தெரியாது. வெவ்வேறு வடிகட்டிகளை மாற்றி மாற்றி வைத்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை அடுக்கித்தான் வண்ணம் உண்டாக்கினார்கள். அந்த வடிகட்டிகளில் சில கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிக்கானவை என்பதால், 'போலி வண்ணம்' என்ற குறிப்பு படத்தின் கீழே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: பகல் வானம் பழுப்பு என்கிறீர்கள். பிறகு ஏன் மறையும் கதிரவனைச் சுற்றி மட்டும் நீலமாக இருக்கிறது?

பதில்: கியூரியாசிட்டி 2015 ஏப்ரல் 15 அன்று எடுத்த மாலைக் காட்சியைத்தான் குறிப்பிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பூமியில் வானத்துக்கு நிறம் தருபவை காற்றின் மூலக்கூறுகள். செவ்வாயின் காற்றழுத்தம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால், அந்த வேலையை அங்கே தூசுதான் செய்கிறது. இரும்பு ஆக்சைடு கலந்த அந்தத் துகள்கள், ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு அளவுடையவை. அவை நீல ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிக்கொள்கின்றன. எஞ்சிய நீலத்தை, வந்த திசையிலிருந்து அதிகம் விலகாமல் முன்னோக்கியே சிதறடிக்கின்றன. சிவப்பும் மஞ்சளும் அகலமாகப் பரவி வானம் முழுவதையும் நிறைக்க, நீலம் கதிரவனை ஒட்டிய பகுதியிலேயே தங்கிவிடுகிறது. நண்பகலிலும் இது நிகழ்கிறது. ஆனால் மாலையில் ஒளி நீண்ட தூரம் தூசைக் கடந்து வருவதால்தான் எடுப்பாகத் தெரிகிறது. அந்தப் படத்தில் கதிரவன் சிறியதாகத் தோன்றுவதும் கேமராவின் பிழையன்று. அங்கிருந்து பார்த்தால் அதன் விட்டம் நாம் காண்பதில் மூன்றில் இரண்டு பங்குதான்.

கேள்வி: படத்தில் இருக்கும் கல் கைப்பிடி அளவா, வீட்டளவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: எனக்கு வந்த கேள்விகளில் இதையே முதன்மையானதாகக் கருதுகிறேன், ஏனென்றால் படங்களைப் பற்றிய வதந்திகளில் பாதி அளவு தெரியாமையால் பிறப்பவை. பூமியில் ஒரு நிலக்காட்சியைப் பார்த்தவுடன் மரம், மனிதர், கதவு என்று ஏதாவது ஒன்று நமக்கு அளவுகோலாகிவிடுகிறது. செவ்வாயில் அப்படி எதுவும் இல்லை. கல் உடைந்தால் சிறிய கல்லும் பெரிய கல்லின் வடிவிலேயே இருக்கும். போதாததற்கு அடிவானமும் நெருங்கி வந்துவிடுகிறது: செவ்வாயின் ஆரம் ஏறத்தாழ 3,390 கி.மீ. என்பதால், இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கும் கேமராவுக்குச் சமதளத்தில் அடிவானம் 3.7 கி.மீ. தொலைவில் முடிகிறது, பூமியில் அதே உயரத்திலிருந்து 5 கி.மீ. தெரியும்.

ஆகவே கண்ணை நம்பாமல் கணக்கை நம்ப வேண்டும். கியூரியாசிட்டியின் கம்பத்தில் இரண்டு வண்ணக் கேமராக்கள் உள்ளன. இடப்பக்கத்தது 34 மி.மீ. குவியத் தொலைவும், வலப்பக்கத்தது 100 மி.மீ. குவியத் தொலைவும் கொண்டவை. வலப்பக்கக் கேமராவில் ஒரு பிக்சல், ஒரு கி.மீ. தொலைவில் 7.4 செ.மீ. அகலத்தைக் காட்டும், இடப்பக்கத்ததில் அதே தொலைவில் 22 செ.மீ. இதிலிருந்து எந்தத் தொலைவுக்கும் விகிதம் போட்டுக்கொள்ளலாம். வலப்பக்கக் கேமராவின் முழு அளவுப் படத்தில் 200 பிக்சல் அகலமாகத் தெரியும் கல், 10 மீட்டர் தொலைவில் இருந்தால் அதன் அகலம் சுமார் 15 செ.மீ.; அதே கல் 30 மீட்டருக்கு அப்பால் இருந்தால் 44 செ.மீ.

தொலைவை எப்படி அறிவது என்று அடுத்துக் கேட்பீர்கள். வழிகாட்டும் கறுப்பு வெள்ளைக் கேமராக்கள் நம் இரு கண்களைப் போல இணையாக அமைந்தவை. இடப்படத்திலும் வலப்படத்திலும் அந்தக் கல் எவ்வளவு இடம் பெயர்ந்து தெரிகிறது என்று அளந்தால் தொலைவு கிடைக்கும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் சக்கரத் தடத்தையாவது தேடுங்கள். கியூரியாசிட்டியின் சக்கரம் 50 செ.மீ. விட்டமும் 40 செ.மீ. அகலமும் உடையது.

கேள்வி: 2022-இல் பாறையில் செதுக்கிய வாசல் போன்ற ஒன்று தெரிந்ததே, அதற்கும் இந்தக் கணக்குத்தானா?

பதில்: ஆம். 2022 மே 7 அன்று எடுத்த அந்தப் படத்தின் 'வாசல்' ஏறத்தாழ 30 செ.மீ. உயரமே உடையது. பூனை நுழையலாம். நேர்கோட்டில் ஓடும் விரிசல்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்ட இடத்தில் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்திருக்கிறது. பக்கவாட்டு வெளிச்சம் அந்தக் குழிவை இருட்டாக்கி ஆழமாகக் காட்டியது. அதே பாறைச்சரிவின் விரிந்த படத்தைப் பார்த்தால், அதுபோன்ற விரிசல்கள் எங்கும் இருப்பது தெரியும். பகிரப்பட்ட படமோ வாசலை மட்டும் வெட்டியெடுத்தது.

1976 ஜூலை 25 அன்று வைகிங் 1-இன் சுற்றுக்கலம் சைடோனியா பகுதியில் எடுத்த 'முகம்' இதற்கு மூத்த உறவினர். ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 50 மீட்டர் என்ற அளவில் எடுத்த அந்தப் படத்தில், தாழ்ந்த கதிரவனின் நிழல் கண்ணும் வாயுமாக விழுந்தது. 1998-இலும் 2001-இலும் மார்ஸ் குளோபல் சர்வேயர் என்ற சுற்றுக்கலம் பன்மடங்கு நுணுக்கமாக எடுத்தபோது, அரித்துத் தேய்ந்த ஒரு மேட்டு நிலமே எஞ்சியது.

கேள்வி: அடிவானத்தில் ஒரு வெள்ளை ஒளி எழுந்ததாக 2014-இல் ஒரு படம் பரவியது. அது என்ன?

பதில்: 2014 ஏப்ரல் தொடக்கத்தில், அடுத்தடுத்த இரு நாள்களில் கியூரியாசிட்டியின் வழிகாட்டும் கேமரா எடுத்த படங்கள் அவை. வலக்கண்ணில் இருந்த புள்ளி, அதே நொடியில் எடுத்த இடக்கண் படத்தில் இல்லை. அண்டக்கதிர்த் துகள் ஒன்று உணரியில் மோதினால் இப்படி வெண்கீற்று விழும். பாறை ஒன்றின் பளபளப்பான முகம் ஒரு கேமராவுக்கு மட்டும் கதிரவனைப் பிரதிபலித்திருக்கவும் கூடும் என்றார்கள். புதிய பொருள் எதைக் கண்டாலும் இணைப் படத்தைத் திறந்து பார்ப்பது ஒரு நிமிட வேலைதான்.

கேள்வி: முன்பு இல்லாத கல் ஒன்று ரோவரின் முன்னால் திடீரென்று வந்தது எப்படி?

பதில்: ஆப்பர்ச்சூனிட்டியின் 2014 ஜனவரிப் படம். பன்னிரண்டு செவ்வாய் நாள்களுக்கு முன் வெறுமையாக இருந்த இடத்தில், ஓரம் வெளிறி நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு சிறு கல் கிடந்தது. ரோவர் சற்று நகர்ந்து திரும்பிப் பார்த்தபோது, அதன் சக்கரம் ஏறி உடைத்த தாய்ப்பாறை அருகிலேயே இருந்தது. ரோவரும் அந்த நிலத்தில் ஒரு பொருள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கியூரியாசிட்டி 2012 அக்டோபரில் மண்ணில் கண்ட பளபளக்கும் துணுக்கும், பெர்சிவரன்ஸ் 2022 ஜூனில் பாறையிடுக்கில் கண்ட மின்னும் தாளும் மனிதர் செய்த கலங்களிலிருந்து உதிர்ந்தவையே.

கேள்வி: உருண்டைக் கற்கள், வெடித்த சேறு போன்ற பாறை, அடுக்குகள் இவற்றைக் கண்டவுடன் தண்ணீர் இருந்தது என்கிறார்கள். வாசலை நம்பக் கூடாது, இதை மட்டும் நம்பலாமா?

பதில்: மிக நியாயமான கேள்வி. இரண்டும் 'எதைப் போல இருக்கிறது' என்பதில்தான் தொடங்குகின்றன. வேறுபாடு அதற்கடுத்த படியில் இருக்கிறது. 2012 செப்டம்பரில் கியூரியாசிட்டி தான் இறங்கிய கேல் பள்ளத்தில் கண்ட கூட்டுப்பாறையை (கூழாங்கற்கள் ஒட்டி இறுகிய பாறை) எடுத்துக்கொள்வோம். அதில் பதிந்திருந்த கூழாங்கற்களில் பல, காற்றால் நகர்த்த முடியாத பருமன் உடையவை. ஆனாலும் முனை மழுங்கியிருந்தன. காற்றால் தூக்க முடியாததை உருட்டி மழுக்கியது ஓடும் நீராகத்தான் இருக்க முடியும் என்று வேறு வழிகளை ஒவ்வொன்றாக விலக்கித்தான் முடிவுக்கு வந்தார்கள். கற்களின் அளவிலிருந்து அந்த ஓடை கணுக்கால் முதல் இடுப்பு வரை ஆழம் உடையது என்றும் கணித்தார்கள்.

2016 இறுதியில் கண்ட 'ஓல்டு சோக்கர்' என்ற பாறைப் பலகையில் ஓரிரு செ.மீ. அகலமுள்ள நான்கு, ஐந்து பக்க வடிவங்கள் வலைபோலப் பரவியிருந்தன. பாறை விரிசலுக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் இங்கே விரிசல்களில் வேறு வண்டல் புகுந்து இறுகி, சுற்றியுள்ள பகுதி தேய்ந்த பின் மேடாக நிற்கிறது. அதாவது விரிசல் விழுந்தபோது அது திறந்த மேற்பரப்பாக இருந்திருக்க வேண்டும். வற்றிய சேற்றுக்கு இது பொருந்துகிறது.

படம் மட்டும் போதாத இடங்களும் உண்டு. 2004-இல் ஆப்பர்ச்சூனிட்டி கண்ட, சில மி.மீ. அளவுள்ள உருண்டைகள், எரிமலையோ விண்கல்லோ தெறித்த துளிகள் உறைந்தவையாகவும் இருந்திருக்கலாம். அவை பாறையின் அடுக்கெங்கும் பரவிக் கிடந்ததைப் படம் காட்டியது. அவை ஹேமடைட் (பெரும்பாலும் நீரின் துணையால் உருவாகும் இரும்புத் தாது) என்பதைச் சொன்னது நிறமாலைக் கருவி. இடையே ஒன்று: 'புளூபெர்ரி' என்று பெயர் பெற்ற அவை போலி வண்ணத்தில் நீலமாகத் தெரிந்தாலும், உண்மையில் சாம்பல் நிறத்தவை.

கேள்வி: மெல்லிய காற்றில் மேகம் உண்டா? படத்தை வைத்து அதன் உயரத்தைச் சொல்ல முடியுமா?

பதில்: உண்டு. பெரும்பாலானவை 60 கி.மீ. உயரத்துக்குள் நீர்ப்பனியால் ஆனவை. 2021 மார்ச்சில் கியூரியாசிட்டி எடுத்த மாலைப் படங்களில் அதற்கும் மேலே, உறைந்த கார்பன் டை ஆக்சைடால் ஆனவையாகக் கருதப்படும் மேகங்கள் ஒளிர்ந்தன. தரையில் கதிரவன் மறைந்த பிறகும் உயர்ந்த மேகத்தின் மீது ஒளி படும். கோளின் நிழல் மெல்ல மேலேறி அதைத் தொடும்போது அது மங்கும். எத்தனை நிமிடம் கழித்து மங்கியது என்பதிலிருந்து உயரம் கிடைத்துவிடுகிறது. முத்துச்சிப்பியின் உட்புறம் போல வண்ணம் காட்டும் மேகம் கண்டால், அதன் துகள்கள் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கின்றன என்று கொள்ளலாம்.

கேள்வி: ஆப்பர்ச்சூனிட்டியை வீழ்த்திய புழுதிப்புயலின் அடர்த்தியையும் படத்திலிருந்துதான் கணித்தார்களா?

பதில்: ஆம், கதிரவனையே படமெடுத்து. தூசு இல்லாதபோது எவ்வளவு ஒளிர வேண்டும், இப்போது எவ்வளவு ஒளிர்கிறது என்ற விகிதத்தை 'டவ்' என்ற எண்ணால் குறிப்பார்கள். டவ் 1 என்றால் நேரடி ஒளியில் 37 விழுக்காடு வந்துசேரும். 2018 ஜூனில் ஆப்பர்ச்சூனிட்டி அனுப்பிய கடைசி அளவீடு 10.8, அதாவது நேரடி ஒளியில் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. சூரியத் தகடுகளை நம்பியிருந்த ரோவருக்கு அது தாங்கவில்லை. அணுமின்கலத்தில் இயங்கும் கியூரியாசிட்டி அதே புயலில் வேலையைத் தொடர்ந்தது.

கேள்வி: ரோவர் தன்னையே எடுத்த படத்தில் கை ஏன் இல்லை? படமெடுத்தவர் யார்?

பதில்: கைதான் எடுத்தது. கையின் நுனியிலுள்ள கேமரா, பல கோணங்களில் எடுத்த பல பத்துப் படங்களை ஒட்டியதே அந்தப் படம். ஒரு சட்டகத்தில் கை மறைத்த இடம் மற்றொன்றில் மறையாமல் இருக்கும். தரையில் கையின் நிழல் எங்காவது எஞ்சியிருக்கும், தேடிப் பாருங்கள்.

கேள்வி: சில மூலப் படங்களில் கறுப்புக் கட்டங்கள் இருக்கின்றனவே, எதையோ மறைத்ததாகத்தானே பொருள்?

பதில்: ரோவர் எடுத்த படம் துண்டு துண்டாகச் சுற்றுக்கலத்துக்குச் சென்று, அங்கிருந்து பூமிக்கு வருகிறது. வழியில் ஒரு துண்டு தவறினால் அந்த இடம் கறுப்பாகவே வெளியாகும். தேவைப்பட்டால் அதை மறுபடி அனுப்பச் சொல்வார்கள். அந்தப் படத்தின் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்து மீண்டும் திறந்து பாருங்கள்.